மதியிறுக்கம் குறித்த குடும்ப ஆய்வுகள்

மதியிறுக்கம் குறித்த குடும்ப ஆய்வுகள் என்பன, மதியிறுக்கம் உள்ள குழந்தைகளை அவர்களுடைய பெற்றோர், உடன்பிறந்தோர், இரட்டையர் ஆகியோருடன் சேர்த்து ஆராயும் அறிவியல் ஆய்வுகள் ஆகும். ஆட்டிசம் என்றும் அழைக்கப்படும் மதியிறுக்கம், மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாட்டினால் குழந்தைப் பருவத்திலேயே வெளிப்படும் ஒரு நிலையாகும். பிறருடன் பழகுவதிலும் தொடர்பாடலிலும் இடர்ப்பாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒரு சிலவற்றில் மட்டும் ஆழ்ந்த ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியன இதன் முதன்மை இயல்புகள் ஆகும்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தாயின் அன்பின்மையே மதியிறுக்கத்துக்குக் காரணம் என்ற கருத்து மருத்துவர்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. அக்கருத்தைத் தகர்த்ததில் குடும்ப ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று இவ்வாய்வுகளில் பெற்றோர் காரணகர்த்தாக்களாக அல்லாமல் ஆய்வின் பங்காளிகளாகவே கருதப்படுகின்றனர்.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் உள்ள சான்சு ஒப்கின்சு மருத்துவமனையில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இன்று மதியிறுக்கம் எனப்படும் நிலை ஒரு தனி நிலையாக மருத்துவ உலகில் அறியப்பட்டது இக்கட்டுரையின் மூலமே ஆகும். இந்நிலை பிறவியிலேயே அமைந்தது என்று அவர் அதில் கருதினார். ஆயினும் அக்குழந்தைகளின் பெற்றோரில் பலர் உணர்ச்சியை வெளிக்காட்டாதவர்கள் என்றும் குறிப்பிட்டார். 1949இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், இக்குழந்தைகள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டவர்கள் போல வளர்ந்தனர் என்ற உவமையைக் கையாண்டார். இதிலிருந்தே "குளிர்சாதனப் பெட்டித் தாய்" என்ற தொடர் பரவியது.

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சிறப்புப் பள்ளி ஒன்றின் இயக்குநராக இருந்த புரூணோ பெட்டல்கைம் இக்கருத்தை மேலும் வலியுறுத்தினார். அவர் 1938-39இல் நாசிகளின் வதைமுகாம்களில் அடைபட்டிருந்தவர். அம்முகாம்களில் கைதிகள் தம்முள் ஒடுங்கியதைப் போலவே, தன்னை வேண்டாத பெற்றோரிடமிருந்து குழந்தை ஒடுங்குகிறது என்று 1967இல் வெளியிட்ட தமது நூலில் வாதிட்டார். இதன் விளைவாகக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்ப்பதே ஒரு சிகிச்சையாகக் கருதப்பட்டது. தாய்மார் பலர் தம்மைத் தாமே குற்றவாளிகளாக எண்ணி வாழ நேர்ந்தது.

இக்கருத்தில் இரண்டு அடிப்படைப் பிழைகள் இருந்தன. முதலாவது, கானரின் மருத்துவமனையைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் உயர்கல்வி பெற்ற, வசதி படைத்த குடும்பத்தினர். அவர்களைக் கொண்டு எல்லாப் பெற்றோரையும் மதிப்பிட இயலாது. இரண்டாவது, காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கக்கூடும். அழைத்தால் திரும்பாத, அணைத்தால் இசையாத குழந்தையிடம் பெற்றோர் நாளடைவில் தயங்கிப் பழகுவது இயல்பு. அத்தயக்கம் மதியிறுக்கத்தின் விளைவேயன்றிக் காரணம் அன்று.

பெற்றோரின் மறுப்பு

இக்கருத்தை முதலில் வலுவாக மறுத்தவர்களுள் ஒருவர் பெர்னார்ட் ரிம்லாண்ட் ஆவார். உளவியலாளரான இவர், மதியிறுக்கம் உள்ள மகனின் தந்தையும் ஆவார். 1964இல் வெளிவந்த தமது நூலில், இப்பெற்றோருக்குப் பிறந்த ஏனைய குழந்தைகள் பெரும்பாலும் இயல்பாகவே வளர்வதையும், பல குழந்தைகளில் வேறுபாடு மிக இளவயதிலேயே தென்படுவதையும், பெண் குழந்தைகளை விட ஆண் குழந்தைகளிடமே இந்நிலை கூடுதலாகக் காணப்படுவதையும் சுட்டிக்காட்டினார். வளர்ப்பு முறையே காரணம் எனில் இவற்றை விளக்க முடியாது என்பது அவரது வாதம். இந்நூலுக்குக் கானரே முன்னுரை எழுதினார்.

ஐக்கிய இராச்சியத்தில் 1962இல் பெற்றோர் ஒன்றுசேர்ந்து மதியிறுக்கத்துக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அதன் நிறுவனர்களுள் ஒருவரான லோர்னா விங், மனநல மருத்துவராகவும் மதியிறுக்கம் உள்ள மகளின் தாயாகவும் இருந்தார். மதியிறுக்கம் என்பது ஒரே வடிவம் உடையதன்று, பல நிலைகளைக் கொண்ட ஒரு நிறமாலை போன்றது என்ற கருத்து வேரூன்ற இவரது ஆய்வுகள் வழிவகுத்தன. 1969இல் அமெரிக்கப் பெற்றோர் சங்கத்தின் கூட்டத்தில் பேசிய கானர், பெற்றோரை இக்குற்றச்சாட்டிலிருந்து விடுவிப்பதாக வெளிப்படையாக அறிவித்தார்.

இரட்டையர் ஆய்வுகள்

ஒருகரு இரட்டையர் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்டவர்கள். இருகரு இரட்டையர் ஏனைய உடன்பிறந்தோரைப் போலச் சராசரியாகப் பாதி மரபணு வேறுபாடுகளையே பகிர்கின்றனர். இருவகையினரும் ஒரே வீட்டில், ஒரே பெற்றோரிடம் வளர்கின்றனர். ஆகவே ஓர் இயல்பு ஒருகரு இரட்டையர் இருவரிடமும் சேர்ந்து காணப்படுவது கூடுதலாக இருந்தால், அதில் மரபுக்குப் பங்குண்டு எனக் கொள்ளலாம்.

சூசன் போல்சுடைன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 1977இல் 21 இரட்டையர் இணைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். 11 ஒருகரு இணைகளில் 4 இணைகளில் இருவருக்கும் மதியிறுக்கம் இருந்தது. 10 இருகரு இணைகளில் ஒன்றில் கூட அவ்வாறு இல்லை. எண்ணிக்கை சிறிதாயினும் ஆய்வுலகின் நோக்கை மாற்றிய ஆய்வு இது. 1995இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வில் ஒருகரு இணைகளில் 60 விழுக்காட்டில் இருவருக்கும் மதியிறுக்கம் காணப்பட்டது.

2019இல் டென்மார்க், பின்லாந்து, சுவீடன், இசுரேல், மேற்கு ஆத்திரேலியா ஆகியவற்றின் 20 இலட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்த ஆய்வு, மதியிறுக்கத்தின் மரபுவழிப் பங்கை ஏறத்தாழ 80 விழுக்காடு என மதிப்பிட்டது. தாயைச் சார்ந்த தனி விளைவுகளின் பங்கு 0.4 முதல் 1.6 விழுக்காடு மட்டுமே என்றும் அது கணித்தது.

மரபுவழிப் பங்கு என்பது ஒரு மக்கள்தொகையில் காணப்படும் வேறுபாடுகளில் மரபணுக்களால் விளக்கப்படும் பகுதி ஆகும். தனியொரு குழந்தையின் மதியிறுக்கத்தில் 80 விழுக்காடு மரபணுவாலும் எஞ்சியது சூழலாலும் வந்தது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு.

மரபணு ஆய்வுகள்

மரபுவழி என்றவுடன் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தது என எண்ணுவது இயல்பு. ஆனால் நிலைமை அத்துணை எளிதன்று. மதியிறுக்கத்துக்கு வழிவகுக்கும் மரபணு வேறுபாடுகளை இரு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, மக்களிடையே பரவலாகக் காணப்படும் சிறு வேறுபாடுகள். இவை ஒவ்வொன்றும் மிகச் சிறிய விளைவையே ஏற்படுத்தும். பல ஒன்றுசேரும்போது மதியிறுக்கத்துக்கான வாய்ப்பு கூடுகிறது. மரபுவழிப் பங்கில் பெரும்பகுதி இவ்வகையைச் சார்ந்தது என 2014இல் சுவீடனில் நடந்த ஆய்வு காட்டியது.

இரண்டாம் வகை, அரிதானதும் வலுவானதுமான மாற்றங்கள். இவற்றுள் சில பெற்றோர் இருவரிடமும் இல்லாமல், கருமுட்டை அல்லது விந்தணு உருவாகும்போது புதிதாகத் தோன்றுபவை. குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு மட்டும் மதியிறுக்கம் உள்ள ஏறத்தாழ 2,600 குடும்பங்களிலிருந்து அமெரிக்காவில் திரட்டப்பட்ட மாதிரித் தொகுப்பு, இவற்றைக் கண்டறியப் பெரிதும் உதவியது. பெற்றோர், குழந்தை, உடன்பிறந்தோர் ஆகியோரின் மரபணுக்களை அருகருகே வைத்து ஒப்பிட்டால் மட்டுமே எது புதியது என அறிய முடியும்.

இப்புதிய மாற்றங்கள் எல்லா மனிதரிடமும் தோன்றுகின்றன. 2012இல் ஐசுலாந்தில் 78 குடும்பங்களை ஆராய்ந்தபோது, தந்தையின் வயது ஓராண்டு கூடும்போது குழந்தையிடம் ஏறத்தாழ இரண்டு புதிய மாற்றங்கள் கூடுவது தெரியவந்தது. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. இவை தற்செயலாக நிகழ்பவை. யாருடைய தவறும் அன்று.

2020இல் 35,000க்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு, மதியிறுக்கத்துடன் தொடர்புடைய 102 மரபணுக்களை இனங்கண்டது. 2025இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 5,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் இயல்புகளை ஒப்பிட்டு அவர்களை நான்கு உட்பிரிவுகளாக வகுத்தது. ஒவ்வொரு பிரிவிலும் மரபணுப் பின்னணி வேறுபடுவதாகவும் அது கூறுகின்றது.

இளைய உடன்பிறந்தோர் ஆய்வுகள்

மதியிறுக்கம் பெரும்பாலும் இரண்டு வயதுக்குப் பின்னரே உறுதிசெய்யப்படுகின்றது. அதற்கு முன் குழந்தையிடம் நிகழ்வதை அறிய, மதியிறுக்கம் உள்ள குழந்தையின் தம்பி, தங்கையரைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனிக்கும் முறை 2000களில் பரவலாயிற்று.

கலிபோர்னியாவின் சாலி ஓசொனாப் தலைமையிலான குழு, இவ்வாறான 664 குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்களில் 18.7 விழுக்காட்டினருக்கு மதியிறுக்கம் இருந்தது. 2024இல் 1,605 குழந்தைகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்விலும் ஏறத்தாழ இதே அளவு, அதாவது 20.2 விழுக்காடு, கிடைத்தது. இளைய குழந்தை ஆணாக இருந்தாலும், மூத்த குழந்தைகள் இருவருக்கு மதியிறுக்கம் இருந்தாலும் வாய்ப்பு கூடுகின்றது. அடுத்த குழந்தையைப் பற்றிச் சிந்திக்கும் பெற்றோருக்கு இவ்வெண்கள் பயனுள்ளவை. ஐந்தில் நான்கு குழந்தைகளுக்கு மதியிறுக்கம் ஏற்படுவதில்லை என்பதையும் இவற்றுடன் சேர்த்தே அறிய வேண்டும்.

2013இல் வாரன் சோன்சு, அமி கிளின் ஆகியோர் குழந்தைகளின் பார்வை செல்லும் திசையைக் கருவியால் பதிவு செய்தனர். பின்னர் மதியிறுக்கம் உறுதிசெய்யப்பட்ட குழந்தைகளும் இரண்டு மாத வயதில் பிறரின் கண்களை இயல்பாகவே நோக்கினர். அதன் பின் ஆறு மாதத்துக்குள் அந்நோக்கு படிப்படியாகக் குறைந்தது. 2017இல் வெளிவந்த மூளைப் படிம ஆய்வு, இக்குழந்தைகளிடம் 6 முதல் 12 மாதங்களுக்குள் மூளைப் புறணியின் பரப்பு மிகை வேகத்தில் வளர்வதைக் கண்டது.

தடுப்பூசி, மருந்து பற்றிய ஐயங்கள்

1998இல் ஆன்ட்ரூ வேக்பீல்டும் பிறரும் 12 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, தட்டம்மை, புட்டாளம்மை, உருபெல்லா ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசியை மதியிறுக்கத்துடன் தொடர்புபடுத்தியது. இக்கட்டுரையை 2010இல் அதனை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றது. ஆயினும் தடுப்பூசி போட்டதால்தான் தம் குழந்தைக்கு இந்நிலை வந்ததோ என்ற புதிய குற்ற உணர்வு பெற்றோரிடையே பரவியது.

அமெரிக்காவில் 95,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு 2015இல் வெளிவந்த ஆய்வு, மூத்த உடன்பிறந்தோருக்கு மதியிறுக்கம் உள்ள குழந்தைகளிடமும் முத்தடுப்பூசி வாய்ப்பைக் கூட்டவில்லை எனக் காட்டியது. 2019இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைக் கொண்ட ஆய்வும் இதே முடிவுக்கு வந்தது.

கருவுற்ற காலத்தில் பாராசித்தமோல் உட்கொள்வது பற்றிய ஐயத்தையும் இம்முறையில் ஆராய்ந்தனர். சுவீடனில் ஏறத்தாழ 25 இலட்சம் குழந்தைகளைக் கொண்டு 2024இல் வெளிவந்த ஆய்வில், பொதுவாக ஒப்பிட்டபோது ஒரு சிறிய தொடர்பு தென்பட்டது. ஒரே தாயின் குழந்தைகளைத் தம்முள் ஒப்பிட்டபோது அது மறைந்தது. காய்ச்சல், வலி, மரபு போன்ற பிற காரணங்களே அத்தொடர்பைத் தோற்றுவித்திருக்கலாம் என்பது இதனால் விளங்குகின்றது.

பெற்றோர் வழிப் பயிற்சி

பெற்றோர் காரணம் அல்லர் எனினும், குழந்தையின் தொடர்பாடல் வளர அவர்கள் உதவ முடியும். பிரித்தானியாவில் 152 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2010இல் வெளிவந்த ஆய்வில், பெற்றோர் குழந்தையுடன் விளையாடுவதைக் காணொளியாக எடுத்து, பயிற்சியாளருடன் அமர்ந்து பார்த்தனர். குழந்தை காட்டும் நுண்ணிய குறிப்புகளைக் கண்டு அதற்கேற்ப மறுமொழி தரப் பெற்றோர் பழகினர். பயிற்சி முடிந்த உடனே மதியிறுக்க இயல்புகளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குப் பின், பயிற்சி பெற்ற குடும்பங்களின் குழந்தைகளிடம் இடர்ப்பாடுகள் ஓரளவு குறைந்திருந்தது 2016இல் அறிவிக்கப்பட்டது.

வல்லுநர்கள் குறைவாக உள்ள நாடுகளுக்கு ஏற்ப இம்முறை மாற்றியமைக்கப்பட்டது. இந்தியாவின் கோவாவிலும் பாக்கித்தானின் இராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வில், சிறப்பு மருத்துவர் அல்லாத நலப் பணியாளர்களே பெற்றோருக்கு இப்பயிற்சியை அளித்தனர். பெற்றோர் குழந்தைக்கு இசைந்து பழகுவதும், குழந்தை தானாகத் தொடர்பு கொள்ள முன்வருவதும் கூடியதாக 2016இல் வெளியான முடிவுகள் காட்டின.

குடும்ப நலன்

மதியிறுக்கம் உள்ள குழந்தைகளின் பெற்றோர், பிற பெற்றோரை விடக் கூடுதலான மன அழுத்தத்துக்கு உள்ளாவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. உறக்கமின்மை, செலவு, வேலையைக் கைவிட நேர்தல், பிறரின் பழிச்சொல் ஆகியன இதற்கான காரணங்களுள் அடங்கும்.

இக்குடும்பங்களில் 80 விழுக்காடு மணமுறிவில் முடிகின்றன என்ற செய்தி அமெரிக்காவில் நெடுங்காலம் உலவியது. 2007ஆம் ஆண்டின் தேசிய அளவிலான தரவுகளை ஆராய்ந்தபோது, பெற்றோர் இருவருடனும் வாழ்வோர், மதியிறுக்கம் உள்ள குழந்தைகளில் 64 விழுக்காடாகவும் ஏனைய குழந்தைகளில் 65 விழுக்காடாகவும் இருந்தனர். எனினும் 2010இல் 391 குடும்பங்களைக் கொண்டு வெளிவந்த ஓர் ஆய்வில் மணமுறிவு 23.5 விழுக்காடாகவும், ஒப்பீட்டுக் குழுவில் 13.8 விழுக்காடாகவும் இருந்தது. குழந்தை வளர்ந்த பின்னும் இக்குடும்பங்களுக்கு ஆதரவு தேவை என்பதை அவ்வாய்வு உணர்த்துகின்றது.

வரையறைகள்

இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளின் மக்களைக் கொண்டே நடந்துள்ளன. எனவே இவற்றின் எண்களை எல்லா நாடுகளுக்கும் அப்படியே பொருத்த இயலாது. மேலும் இன்றைய மரபணுச் சோதனைகளால் குறிப்பான காரணம் ஒன்று புலப்படுவது சிறுபான்மைக் குழந்தைகளிடம் மட்டுமே. மதியிறுக்கம் உள்ள வளர்ந்தவர்கள் பலர், காரணத்தைத் தேடும் ஆய்வுகளுக்கு இணையாக, கல்வி, வேலை, வாழ்க்கைத் தரம் பற்றிய ஆய்வுகளும் வேண்டும் என வலியுறுத்துகின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

மதியிறுக்கம்
இரட்டையர்
மரபணு
மரபியல்
தடுப்பூசி
லியோ கானர்