கூலிக்கு வாசித்தவர்கள்

ராக் அண்ட் ரோலின் சரித்திரம் பெரும்பாலும் பெயர்களின் சரித்திரமாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஒரு பெயர், ஒரு முகம், ஒரு வருஷம். பின்னால் நின்று வாசித்தவர்கள் அடிக்குறிப்புகளில். பில் ஹேலியின் ‘காமெட்ஸ்’ குழுவைப் பொறுத்தமட்டில் எனக்கு அடிக்குறிப்புகள்தான் விஷயமாகப் படுகின்றன.

ஹேலி ஒரு கன்ட்ரி பாடகர். 1952 வரை அவர் குழு கௌபாய் உடையில் மேடையேறிய ‘சாடில்மென்’. ஜாக்கி பிரென்ஸ்டனின் ‘ராக்கெட் 88’ஐ 1951இலும், ஜிம்மி பிரெஸ்டன் 1949இல் பதிவுசெய்த ‘ராக் த ஜாயின்ட்’டை 1952இலும் இக்குழு எடுத்து வாசித்தது. இரண்டும் கறுப்பர்களின் பாடல்கள். அவற்றின் தாளத்தை ஸ்டீல் கிட்டாரும், தந்திகளை இழுத்து அறையும் டபிள் பாஸும் சுமந்தபோது ஒரு புதிய ஓசை பிறந்தது. பாட்டைக் கொடுத்தவர்களுக்கு இந்தப் புகழில் பங்கு கிடைக்கவில்லை. கூலிக்கணக்கு அங்கேயே துவங்கிவிடுகிறது.

1954 ஏப்ரல் 12, நியூயார்க். டெக்கா கம்பெனிக்காக ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ பதிவாகிறது. இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை நிரப்ப வேண்டிய பாட்டு. நேரத்தின் பெரும்பகுதி முதல் பக்கத்துக்கே போய்விட்டது. கிட்டார் வாசித்த டேனி செட்ரோன் குழுவில் நிரந்தர அங்கத்தினர் அல்ல. அன்றைய வேலைக்கு அவருக்குக் கிடைத்தது 21 டாலர். இன்றும் வியந்து பேசப்படும் அந்தத் தனி வாசிப்பு, ‘ராக் த ஜாயின்ட்’டில் அவரே வாசித்ததுதான். இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் இதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஜூன் 17ஆம் தேதி மாடிப்படியில் விழுந்து செட்ரோன் இறந்தார். ‘பிளாக்போர்ட் ஜங்கிள்’ படத்தின் மூலம் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது 1955 ஜூலையில்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜோயி ஆம்ப்ரோஸ், டிக் ரிச்சர்ட்ஸ், மார்ஷல் லைட்டில் ஆகிய மூவரும் ஊதியத் தகராறில் வெளியேறினர். ஹேலியும், பியானோ வாசித்த ஜானி கிராண்டேயும், ஸ்டீல் கிட்டார் பில்லி வில்லியம்சனும் பங்குதாரர்கள், இம்மூவர் சம்பளக்காரர்கள். தங்கள் பெயர்களின் துண்டுகளைச் சேர்த்து ‘ஜோடிமார்ஸ்’ என்று ஒரு குழு கண்டார்கள். அது நிலைக்கவில்லை.

ஹேலி 1981இல் இறந்தார். 1987இல் இம்மூவரும், கிராண்டேயும், செட்ரோனுக்குப்பின் வந்த கிட்டார் கலைஞர் ஃபிரானி பீச்சரும் மறுபடி ஒன்றுகூடினார்கள். ஏறக்குறைய இருபது வருஷம் அதே பாட்டுகளை ஊர் ஊராக வாசித்தார்கள். பீச்சர் எண்பதைக் கடந்தும் மேடையேறினார். தங்களை ‘அசல் காமெட்ஸ்’ என்று அழைத்துக்கொண்டார்கள்.

இதைப் பழைய நினைவுகளை விற்கும் வியாபாரம் என்று ஒதுக்கிவிடலாம். ‘அசல்’ என்ற சொல்லையும் கேள்வி கேட்கலாம். அந்த இசைத்தட்டில் வாசித்தவர்கள் ஐவரில் மூவர்தான். அதில் டிரம் வாசித்தது ரிச்சர்ட்ஸ் அல்ல, கூலிக்கு அமர்த்தப்பட்ட பில்லி குஸாக். ஆனால் எது அசல்? பாட்டின் உச்சம் என்று நாம் கொண்டாடும் இடமே, பதிவான அன்றே இரண்டு வருஷப் பழசு. புதுமை என்பது ஒரு தேதியில் ஒரு தனிமனிதரிடம் சம்பவிக்கிறது என்ற நம்பிக்கை, நவீனத்துவம் பேசும் நம்மிடமும் இருக்கிறது. நான் அதை ஏற்பதற்கில்லை. ஒரு கை திரும்பத் திரும்பச் செய்து பழகிய ஒன்றைக் காலம் திடீரென்று கேட்கத் துவங்குகிறது. அவ்வளவுதான்.

எனவே அக்கிழவர்கள் வாசித்ததை நகல் என்று கொள்ள என்னால் இயலவில்லை. எஜமானனின் பெயர் இல்லாமல் தங்கள் வேலையைத் தாங்களே செய்து காட்டினார்கள். கிராண்டே 2006இலும், லைட்டில் 2013இலும், பீச்சர் 2014இலும், ரிச்சர்ட்ஸ் 2019இலும், ஆம்ப்ரோஸ் 2021இலும் இறந்தார்கள். இசைத்தட்டின் மேல் ஹேலியின் பெயர்தான் தனித்து நிற்கிறது. அதில் ஒலிப்பது மற்றவர்களின் கைகளும்தான்.