திறக்க மறுக்கும் வன்தட்டும் அதன் பழைய கணக்கும்

மேசைக்கணினியுடன் வெளிவன்தட்டு ஒன்றை இணைக்கிறோம். சிறு விளக்கு எரிகிறது. உள்ளே தட்டு சுழலும் மெல்லிய இரைச்சலுங் கேட்கிறது. ஆனால் கணினித் திரையில் அதனைக் காணவில்லை; அல்லது காணப்பட்டுந் திறக்க மறுக்கிறது. இன்னுஞ் சில வேளைகளில், 'இத்தட்டு ஃபோர்மற் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?' என்று கணினியே நம்மைக் கேட்கிறது. பிள்ளைகளின் புகைப்படங்கள், திருமண வீடியோக்கள், வாழ்நாள் முழுவதும் எழுதியவை என யாவற்றையும் அந்தப் பெட்டிக்குள் வைத்திருப்பவர் அக்கணத்தில் அடையுந் திகைப்பை விவரிக்கத் தேவையில்லை.

தட்டு செத்துவிட்டது என்று அநேகர் உடனே முடிவு கட்டிவிடுகின்றனர். அப்படியும் இருக்கலாம். ஆயினும் தட்டும் நலமாய், கணினியும் நலமாய் இருக்க, ஒன்றின் கணக்கை மற்றது புரிந்துகொள்ளாமையே பல வேளைகளிற் காரணமாக அமைகிறது. இந்தப் புரியாமைக்கு ஒரு வரலாறு உண்டு.

உலகின் முதலாவது வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956 செப்டெம்பரில் அறிமுகஞ் செய்தது. கலிபோர்ணியாவின் சான் ஹோசே நகரில் இயங்கிய சிறிய ஆய்வுகூடம் ஒன்றில், ரெனோல்ட் ஜோன்சன் என்பவரின் தலைமையில் அது உருவாகியது. ஜோன்சன் முன்னர் மிச்சிகனில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும் இயந்திரமொன்றைச் செய்தே ஐ.பி.எம்.இன் கண்ணிற் பட்டவர். 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளை அடுக்கிச் செய்த அந்தப் பெட்டி ஒரு தொன்னுக்கு மேல் எடை கொண்டது. அதிற் சேமிக்க முடிந்தவை 50 இலட்சம் எழுத்துகளே. அதனை இணைத்த முழுக் கணினித் தொகுதியின் மாத வாடகை 3200 டொலர்.

அக்காலத்தில் தட்டையும் கணினியையும் ஒரே நிறுவனமே செய்தது. இரண்டுக்கும் ஒரே கணக்கு. சிக்கல் பின்னரே வந்தது.

1983 மார்ச்சில் ஐ.பி.எம். தனது பி.சி. எக்ஸ்.ரி. கணினியை 10 மெகாபைட் வன்தட்டுடன் வெளியிட்டது. அதனுடன் வந்த டொஸ் 2.0 இயங்குதளம், வன்தட்டின் முதலாவது அறையில் ஓர் அட்டவணையை எழுதி வைக்கும் வழக்கத்தைக் கொண்டு வந்தது. (அன்றைய வன்தட்டின் பரப்பு 512 பைட் கொண்ட சிறு சிறு அறைகளாக வகுக்கப்பட்டிருந்தது, செக்டர் எனப்படுவது இதுவே.) தட்டில் எத்தனை பிரிவுகள் உள்ளன, ஒவ்வொன்றும் எந்த அறையில் தொடங்கி எத்தனை அறைகள் நீள்கிறது என்று சொல்லும் 64 பைட் அட்டவணை அது. நான்கு வரிகள் மட்டுமே அதில் உண்டு. நூலகமொன்றின் வாயிலில் வைக்கப்பட்ட பட்டியற்பெட்டி போன்றது எனலாம். பெட்டி தொலைந்தால் நூல்கள் தொலைவதில்லை. எந்த நூல் எங்கே என்பதுதான் தெரியாமற் போகிறது.

அறைகளின் எண்ணைக் குறிக்க அந்த அட்டவணையில் ஒதுக்கப்பட்ட இடம் 32 பிட். ஏறத்தாழ 430 கோடி அறைகளை அதனால் எண்ணலாம், அதாவது 2.2 டெராபைட். கையிலிருந்த 10 மெகாபைட் தட்டைப் போல் இரண்டு இலட்சம் மடங்குக்கும் மேற்பட்ட அளவு அது. அந்த எல்லையை ஒருநாள் எவராவது தொடுவார் என்று அன்று யாரும் அஞ்சியிருக்க நியாயமில்லை.

ஆனால் அந்த எல்லையை எட்டுமுன்னரே வேறு சுவர்கள் குறுக்கிட்டன. அவற்றுள் மிக வேடிக்கையானது 528 மெகாபைட் சுவர். அன்றைய முறையில் ஓர் அறையின் முகவரி மூன்று எண்களால் ஆனது: எத்தனையாவது வளையம், எத்தனையாவது படிப்புத் தலை, எத்தனையாவது அறை. கணினியை எழுப்பிவிடும் பயோஸ் என்ற அடிப்படை மென்பொருள் 1024 வளையங்கள், 255 தலைகள், 63 அறைகள் வரை பேசும், அதன்படி 8.4 கிகாபைட் தட்டைக்கூட அதனால் ஆள முடியும். ஐ.டி.ஈ. எனப்பட்ட தட்டு இணைப்பு முறையோ 65,536 வளையங்கள், 16 தலைகள், 255 அறைகள் வரை பேசும். அது 137 கிகாபைட் வரை போகும். இரண்டுமே அக்காலத்துக்குத் தாராளமானவை. ஆனால் இருவர் பேசும்போது இருவருக்கும் தெரிந்த சொற்களே பயன்படும் அல்லவா? வளையத்தில் 1024, தலையில் 16, அறையில் 63 என்று ஒவ்வொன்றிலும் சிறியதே எஞ்சியது. பெருக்கிப் பார்த்தால் 528 மெகாபைட். இரு செல்வந்தர்கள் கூட்டுச் சேர்ந்து ஏழையான கதை! தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், பெரிய தட்டு வாங்கியவர்கள் அதன் ஒரு பகுதி மட்டுமே கணினிக்குத் தெரிவதைக் கண்டு விற்றவர்களுடன் சண்டை பிடித்தனர்.

அச்சுவர் உடைக்கப்பட்டபின் 8.4 கிகாபைட், பின்னர் 137 கிகாபைட் என்று அடுத்தடுத்த சுவர்கள் எழுந்தன. 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. கூட, 2002 இல் வெளியான அதன் முதலாவது திருத்தப் பொதிக்குப் பின்னரே 137 கிகாபைட்டைத் தாண்டியது.

இதற்கிடையில் வன்தட்டு கணினிக்கு வெளியே வந்துவிட்டது. 1996 இல் அறிமுகமான யூ.எஸ்.பி. இணைப்பு, 2000 ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்போடு வன்தட்டுக்குப் போதுமான வேகம் பெற்றது. அதன் பின் பெரிய தட்டுகளைப் பைக்குள் வைத்துக் கடல் கடந்துங் கொண்டுசெல்லத் தொடங்கினோம். ஆனால் யூ.எஸ்.பி. 2.0 துளையொன்று தர ஒப்புக்கொண்ட மின்னோட்டம் 500 மில்லியம்பியர் மட்டுமே. சிறிய வன்தட்டுகள் பல சுழலத் தொடங்கும் அந்தச் சில வினாடிகளில் அதைவிடக் கூடுதலாக இழுப்பவை. இரண்டு செருகிகள் கொண்ட கம்பிகள் சிலவற்றுடன் தரப்பட்டமைக்குக் காரணம் இதுவே. மடிக்கணினியிற் திறக்கும் தட்டு மேசைக்கணினியிற் திறக்காவிட்டால், பெட்டியின் முன்புறத் துளையை விட்டு, தாய்ப்பலகையில் நேரடியாக அமைந்த பின்புறத் துளையிற் செருகிப் பார்க்கவேண்டும். முன்புறத் துளைகள் மெல்லிய கம்பியொன்றின் வழியே மின் பெறுபவை. 'டிக், டிக்' என்ற ஓசை இதன்பின் நின்றுவிட்டால் குறை மின்சாரத்தில் இருந்திருக்கிறது. நில்லாவிட்டால் தட்டே காயப்பட்டிருக்கக்கூடும். அதனைத் தொடர்ந்து இயக்காமல் நிறுத்திவிடுவதே நல்லது.

எழுத்துத் தகராறு என்று இன்னொன்றும் உண்டு. தட்டுகளுக்கு ஏ, பி, சி என்று பெயரிடும் வழக்கம் எழுபதுகளில் கரி கில்டோல் எழுதிய சி.பி.எம். இயங்குதளத்தின் வழியே டொஸுக்கும், பின்னர் விண்டோஸுக்கும் வந்து சேர்ந்தது. அலுவலகக் கணினியில் வலையமைப்புத் தட்டொன்று ஏற்கெனவே 'எஃப்' என்ற எழுத்தைப் பிடித்திருக்க, புதிதாக வந்த வெளிவன்தட்டுக்கும் விண்டோஸ் எக்ஸ்.பி. அதே எழுத்தைக் கொடுத்துவிடும். தட்டு மறைந்துவிடும். 'டிஸ்க் மனேஜ்மென்ற்' பகுதிக்குச் சென்று வேறெழுத்துக் கொடுத்தால் உடனே தோன்றும். பத்திரிகைக் காரியாலயங்களில் இது அன்றாட நிகழ்வாக இருந்த காலமுண்டு.

இனி, 1983 ஆம் ஆண்டின் 2.2 டெராபைட் எல்லைக்கு வருவோம். 2010 இல் 3 டெராபைட் வெளிவன்தட்டுகள் கடைகளுக்கு வந்தபோது அந்த எல்லை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. மாற்று அட்டவணை முன்னரே தயாராக இருந்தது. ஜி.பி.ரி. எனப்படும் அதனை இன்ரெல் நிறுவனம் தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பயோஸுக்குப் பதிலான தனது புதிய முறையின் ஓர் அங்கமாக வகுத்தது. நான்கு வரிகள், 32 பிட் என்ற பழைய கட்டுகள் அதற்கில்லை.

அதனை வகுத்தவர்களின் முன்யோசனை ஒன்றை இங்கு பாராட்டவேண்டும். பழைய கணினி புதிய அட்டவணையைப் படிக்காது. தட்டு வெறுமையானது என்று எண்ணி அதன் மேல் எழுதிவிடக்கூடும். ஆகவே தட்டின் முதல் அறையில், பழைய பாணியிலேயே ஒரு பொய் அட்டவணையையும் எழுதி வைத்தனர். 'இத்தட்டு முழுவதையும் ஒருவர் பிடித்திருக்கிறார், தொடாதே' என்பதே அதன் பொருள். விண்டோஸ் எக்ஸ்.பி.யின் 32 பிட் பதிப்பு இதனை 'ஜி.பி.ரி. பாதுகாப்புப் பிரிவு' என்று காட்டும். அதற்குமேல் எதுவுஞ் செய்யாது. அந்த மறுப்பு உண்மையில் தட்டுக்குப் போட்ட பூட்டு.

இதனை 2011 இல் கொழும்பில் நேரிற் கண்டேன். ஓய்வுபெற்ற பத்திரிகையாளரான நண்பர் ஒருவரின் முப்பது வருடக் கட்டுரை நறுக்குகளைக் கனடாவிலுள்ள மகன் படிமங்களாக்கி, 3 டெராபைட் தட்டொன்றில் இட்டு அனுப்பியிருந்தார். நண்பரின் பழைய மேசைக்கணினி அதனைத் திறக்கவில்லை. கடையொன்றுக்கு எடுத்துச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்குள்ளை ஒண்டும் இல்லை. ஃபோர்மற் பண்ணித் தரட்டோ?" என்று கேட்டார். "பொறும் தம்பி" என்று நண்பர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அன்று மாலை, பக்கத்து வீட்டு மாணவியின் விண்டோஸ் 7 மடிக்கணினியில் அத்தனை நறுக்குகளும் வரிசையாகத் திறந்தன. மூல நறுக்குகள் பலவற்றை அதற்குள் கறையான் தின்றுவிட்டிருந்தது. அந்த இளைஞருக்கு 'ஓம்' என்று பதில் சொல்லியிருந்தால் நண்பரிடம் மிஞ்சியிருக்கக்கூடியது சொற்பமே.

ஃபோர்மற் செய்யவா என்று கணினி கேட்பது, 'இந்த அட்டவணை எனக்குப் புரியவில்லை' என்பதைத்தான். வேறு நாட்டு மொழியில் எழுதிய கடிதத்தைக் கண்டு, இது வெற்றுத்தாள், கிழித்துப்போடவா என்று தபாற்காரர் கேட்பதற்கு ஒப்பானது அது. மக் கணினியிற் தயாரான தட்டை விண்டோஸில் இணைத்தாலும் இதே கேள்வி வரலாம். விரைவு ஃபோர்மற் பட்டியலை மட்டுமே பெரும்பாலும் மாற்றும். வல்லுநர்கள் கோப்புகளைப் பின்னர் மீட்டெடுக்க வாய்ப்புண்டு. ஆனால் விண்டோஸ் விஸ்ராவிலிருந்து முழு ஃபோர்மற் என்பது தட்டு முழுவதும் பூச்சியங்களை எழுதிச் செல்கிறது. அதன்பின் எந்த வல்லுநரிடமும் போய்ப் பயனில்லை.

கடைசியாக, இன்றும் பலரைக் குழப்பும் ஒரு தந்திரம். எக்ஸ்.பி. கணினிகளிலும் பெரிய தட்டுகள் இயங்கவேண்டும் என்பதற்காக, சில உற்பத்தியாளர்கள் வெளிவன்தட்டின் கூட்டுக்குள் உள்ள சிறு மின்சுற்றைக் கொண்டு ஒரு பொய்க்கணக்குச் சொல்வித்தனர்: அறையொன்று 512 பைட் அல்ல, 4096 பைட் என்று. அறை எட்டு மடங்கு பெரிதானதும் பழைய 32 பிட் அட்டவணையே 17 டெராபைட்டுக்கு மேல் எண்ணிவிட்டது. ஆனால் அந்தக் கூடு பழுதடையும்போது, உள்ளிருக்கும் தட்டைக் கழற்றி மேசைக்கணினிக்குள் நேரடியாகப் பொருத்துபவர்கள் உண்டு. இப்போது மொழிபெயர்க்க நடுவில் ஆளில்லை. 4096 கணக்கில் எழுதிய அட்டவணையைக் கணினி 512 கணக்கில் வாசிக்கிறது. பிரிவுகள் எதுவும் உரிய இடத்தில் இல்லை. மறுபடியும் அதே ஃபோர்மற் கேள்வி. கோப்புகள் யாவும் எழுதிய இடத்திலேயே இருக்கின்றன. தட்டை மறைகுறியாக்கி வைக்கும் கூடுகளும் இவற்றிடையே உண்டு என்பதால், கழற்றிய கூட்டை எறிந்துவிடாமல், அதே மாதிரியைச் சேர்ந்த இன்னொரு கூட்டைத் தேடிப்பிடித்துத் தட்டை அதற்குள் வைத்துப் பார்ப்பதே அங்கு செய்யவேண்டிய முதல் வேலை.