மண்டியிடுதல்: ஒரு சொல்லாராய்ச்சி

முழந்தாளை நிலத்தில் ஊன்றி வணங்குதலை ‘மண்டியிடுதல்’ என்பது தமிழ் வழக்கு. பகைவர்க்குப் பணிந்தாரை ‘மண்டியிட்டார்’ எனக் கூறும் வழக்கு இக்காலத்துப் பெருகினமையின், இச்சொல் தோல்வியையும் இழிவையுமே குறிப்பதென்பாருளர். முழந்தாளிடுதல் கிறித்தவர் வழிபாட்டிற்கே உரியது, சைவர்க்கு அயலானது என்பாருமுளர். இவ்விரண்டும் பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

வில்லாளர்க்குரிய நால்வகை நிலைகளாகப் பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம் என்பன கூறப்படும். அவற்றுள் மண்டலம் என்பதே மண்டி எனக் குறுகிற்று என ஒரு சாரார் கொள்வர். ஒலியொப்புமை உண்டாயினும் அது முற்றும் அமைவதன்று. கன்னடத்தினும் துளுவினும் ‘மண்டி’ என்பது முழங்காலாகிய உறுப்பிற்கே பெயராய் வழங்குகின்றது. வடமொழியிலோ முழங்காலுக்கு ‘ஜாநு’ என்னும் வேறு சொல் உண்டு. இலத்தீனின் ‘கெநு’ என்பது அதற்கு இனமானது. ஆகலின், உறுப்பின் பெயராகிய மண்டியே அதனை ஊன்றும் செயலுக்கும் ஆயிற்று எனக் கோடலே பொருத்தமுடைத்து. பரதநாட்டியத்து ‘அரைமண்டி’, ‘முழுமண்டி’ என்னும் வழக்குகளில் மண்டலம் என்பதன் சாயலும் கலந்திருத்தல் கூடும்.

இனிச் சைவ வழக்கை நோக்குவாம் எனின், ஆறுமுக நாவலர் (1822–1879) இயற்றிய சைவவினாவிடை வணக்க வகைகளை விளக்குகின்றது. தலை, கையிரண்டு, செவியிரண்டு, மோவாய், புயமிரண்டு ஆகிய எட்டுறுப்பும் நிலந்தோய வணங்குதல் அட்டாங்கம். தலை, கையிரண்டு, முழந்தாளிரண்டு ஆகிய ஐந்தும் தோய வணங்குதல் பஞ்சாங்கம். இது பெண்டிர்க்கு விதிக்கப்பட்டது. கோல்போல் வீழ்தலின் முன்னையது ‘தெண்டனிடுதல்’ எனப்படும். தண்டம் என்பது கோல். எனவே முழந்தாளை நிலத்தில் தோய்த்தல் சைவத்திற்கு அயலானதன்று. தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் முதலாகத் தொண்டை நாட்டுச் சிவாலயங்களில் வழிபடும் பெண்டிர் பலரும் அறிந்த வணக்கம் அது. எனினும் முழந்தாள் மட்டும் ஊன்றித் தலை நிமிர்ந்திருத்தல் பஞ்சாங்கமாகாது. தலையும் கைகளும் உடன் தாழ்தல் வேண்டும்.

வில்லாளன் மண்டியிடுவது குறி தவறாது நிலைபெறுதற்பொருட்டு, அச்சத்தால் அன்று. அடியார் மண்டியிடுவதும் அச்சத்தால் அன்று. யான் எனது என்னும் செருக்கு அறுதற்பொருட்டேயாம். இழிவு சொல்லின்கண் இல்லை. யார்முன், எதன்பொருட்டு என்பதன்கண்ணே உள்ளது என்க.