தரங்கம்பாடி ராஜ வீதி

திருக்கடையூரைக் கடந்து தெற்கே வரும் பிரயாணி தரங்கம்பாடியில் இறங்கிக் கடலை நோக்கி நடப்பாரானால், ஒரு காலத்தில் ஊரைச் சுற்றியிருந்த மதிலின் பெரும்பகுதி மறைந்துபோக, அதன் வாயில் மட்டும் வெள்ளைப் பூச்சுடனும் 1792 என்ற ஆண்டுடனும் டென்மார்க் அரசரின் முத்திரையுடனும் நிற்பதைக் காண்பார். அதற்குள் நுழைந்ததும் நேர்கோடாகக் கடல்வரை ஓடுவதுதான் ராஜ வீதி. டேனிஷ்காரர்கள் தங்கள் மொழியில் கொங்கன்ஸ்காதே என்று அழைத்த இத்தெருவைப் பத்து நிமிஷத்திற்குள் நடந்து முடித்துவிடலாம். ஓர் ஊரின் பிரதான வீதி என்றால் ஜவுளிக்கடையும் மளிகைக்கடையும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் என்று எண்ணிப் பழகிய நமக்கு, பெட்டிக்கடை ஒன்றிரண்டைத் தவிர வியாபாரத்தின் அடையாளமே இல்லாத இந்த வீதி ஒரு விசித்திரமாகவே தோன்றும். அது எப்படி நேர்ந்தது என்பதுதான் இதன் சரித்திரம்.

டேனிஷ்காரர்கள் வருமுன் இது வெறும் மணல்வெளியாக இருந்ததென்று நினைப்பது தவறு. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் மாசிலாமணிநாதர் கோயில் கடலோரத்தில் எழுந்துவிட்டது. அதன் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் பின்னாளில் அரித்துத் தின்றது. 1620ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ் கடற்படைத் தலைவர் ஓவே யெட்டே இங்கே கோட்டை கட்டத் தொடங்கினார். கோட்டைக்குப் பின்னால் ஊரும், ஊருக்கு நடுவில் வீதியும் வந்தன. வீதியின் பெயருக்கு ஏற்ப, அதில் குடியிருக்கும் யோக்கியதை டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்களுக்கும் ஐரோப்பிய வர்த்தகர்களுக்குமே முதலில் இருந்தது. தட்டார், மரைக்காயர், நெசவாளர், செம்படவர் முதலியோர் பக்கத்துத் தெருக்களிலும் மதிலுக்கு வெளியிலும் வாழ்ந்தார்கள்.

அந்த ஏற்பாட்டைச் சற்றே அசைத்தது இரண்டு தேவாலயங்களின் கதை. ஐரோப்பியர் வழிபடுவதற்காகச் சீயோன் கோயில் 1701இல் இவ்வீதியில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1706 ஜூலை 9ஆம் தேதி, சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இரு ஜெர்மானியப் பாதிரிமார் கப்பலிலிருந்து இறங்கினார்கள். அவர்களை அனுப்பியவர் டென்மார்க் அரசரே. ஆயினும் இங்கிருந்த கமாண்டர் ஹாசியஸுக்கு அவர்களைக் கண்டாலே ஆகவில்லை. சீகன்பால்கை நான்கு மாதம் கோட்டைச் சிறையில் அடைத்துவைத்தார் என்பதிலிருந்தே அந்தப் பகையின் கடுமையை ஊகித்துக்கொள்ளலாம். சிறை மீண்ட சீகன்பால்கு பணியில் சளைக்கவில்லை. 1712இல் லண்டனிலிருந்து அச்சுயந்திரமும், அதை அடுத்து ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துக்களும் வந்து சேர்ந்தன. அந்த எழுத்துக்கள் மிகப் பெரியனவாக இருந்தமையால், இருக்கிற காகிதம் வேதாகமத்துக்குப் போதாது என்று தெரிந்தது. உடனே, பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயப் பெட்டிகளை உருக்கிச் சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தார்கள் என்று மிஷன் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் வைத்தார்கள். புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சாகி முடிந்தது. இத்தனையும் ராஜ வீதிக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்தவை.

பாதிரிமார் முதலில் தமிழர்க்கெனக் கடலோரத்தில் கட்டியிருந்த சிறு கோயில் பயனற்றுப் போகவே, அனுகூலமான ஒரு புதிய கமாண்டர் வந்த தறுவாயில், 1718இல் புதிய எருசலேம் கோயிலைச் சிலுவை வடிவில் இவ்வீதியிலேயே கட்டினார்கள். ஆண்டவர்கள் தெருவில் தமிழர்க்கென்று எழுந்த கட்டடம் அது. அதன் முகப்பில் அரசரின் முடியும் பெயர்க்குறியும் இன்றும் இருக்கின்றன. எனினும் உள்ளே தமிழர்கள் சாதி வாரியாகப் பிரிந்தே உட்கார்ந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. மறு ஆண்டே காலமான சீகன்பால்கு அக்கோயிலிலேயே அடக்கமாயிருக்கிறார்.

இன்று நாம் கண்டு வியக்கும் தூண்வைத்த மாளிகைகளில் பல அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தவை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உலகெங்கும் போரிட்டுக்கொண்டிருந்தபோது, எந்தப் பக்கமும் சேராத டென்மார்க்கின் கொடியின் கீழ்ச் சரக்கு ஏற்றுவதே பத்திரம் என்று இருதரப்பு வியாபாரிகளும் கண்டுகொண்டார்கள். பிறர் சண்டையில் தரங்கம்பாடி கொழுத்தது. அந்தப் பணம் தேக்கு விட்டமாகவும், விட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்துவசமாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து கொட்டிய மட்டப்பாவாகவும், தெருவை நோக்கிய தாழ்வாரமாகவும் மாறியது. ஐரோப்பியத் தூண்களுக்கு நடுவே நம்முடைய திண்ணை இடம்பிடித்துக்கொண்டதையும் அந்த வீடுகளில் காணலாம். 1786 முதல் இருபது ஆண்டு கவர்னராக இருந்த பீட்டர் ஆங்கர் சித்திரம் எழுதுவதில் வல்லவர். அக்கால ஊரின் தோற்றத்தை நாம் அறிவதற்கு அவருடைய நீர்வண்ணச் சித்திரங்களே பெருந்துணை.

செழிப்பு நீடிக்கவில்லை. 1808இல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றினார்கள். 1815இல் திருப்பிக் கொடுத்தபோது கப்பல்கள் திரும்பி வரவில்லை. 1845இல் டென்மார்க், வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இதை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிரயம் செய்துகொடுத்தது. அதன்பின் சில ஆண்டுகள் தஞ்சைக் கலெக்டரின் கச்சேரி இங்கே இருந்தது. கடற்காற்று நல்லது என்று துரைமார் கருதியிருக்கக்கூடும். கச்சேரி தஞ்சைக்குப் பெயர்ந்ததும், 1861இல் இருப்புப்பாதை நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்தன. சரக்கு ரயிலைத் தேடிப் போயிற்று. ரயில் இங்கே வரவில்லை. மாயவரத்திலிருந்து ஒரு கிளைப்பாதை 1926இல் வந்தபோது ஏற்றிச்செல்லத் துறைமுகச் சரக்கு மிஞ்சியிருக்கவில்லை. அப்பாதையும் 1986இல் மூடப்பட்டது. கடைத்தெரு என்று ஒன்று இப்பகுதிக்குத் தேவைப்பட்டபோது அது பொறையாற்றில்தான் வளர்ந்தது.

எஞ்சியவை பள்ளியும் கோயிலுமே. லைப்சிக் மிஷனின் பராமரிப்பிலிருந்த சபை 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாயிற்று. பழைய மாளிகையொன்றில் புனித தெரசாள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி நடந்து வந்தமையால், வெகுகாலம் இவ்வீதியில் கேட்ட பெரிய சப்தம் மணியடித்ததும் வெளியே வரும் மாணவியரின் பேச்சுத்தான். கோட்டை 1970கள் வரையில் பயணியர் விடுதியாக இருந்து, பின்பு தொல்லியல் துறையின் கைக்கு வந்தது. கவர்னர் மாளிகையோ கூரை சரிந்து, சுவரில் அரசமரம் முளைத்துக் கிடந்தது.

2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை மீனவர் குடியிருப்பை அழித்தது. கோட்டை தாங்கி நின்றது. உயிர்களையும் படகுகளையும் இழந்தவர்கள் வீதிக்கு அப்பால் இருந்தவர்களே. அதற்குப் பிறகுதான் வெளியுலகின் பார்வை இங்கே திரும்பிற்று. கலெக்டர் வசித்த பங்களா உல்லாசப் பயணிகளின் விடுதியாயிற்று. பழங்கட்டடங்களைப் பேணும் இன்டாக் நிறுவனத்தார் தட்டாரத் தெரு வீடுகள் சிலவற்றைப் புதுப்பித்தார்கள். கவர்னர் மாளிகை டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் ஒத்துழைப்புடன் மீண்டும் கூரை பெற்றது.

வீதி அழகாக இருக்கிறது, அதில் ஐயமில்லை. வர்த்தகம் கைவிட்டதனாலேயே, இடித்துக் கட்டுவதற்கு எவர் கையிலும் பணம் இல்லாததனாலேயே அது பிழைத்தது என்பது என் அபிப்பிராயம். இனிமேலும் அதே தயவில் பிழைக்க முடியாது. விடுதிகளின் கண்ணுக்கு அகப்பட்டுவிட்டது. ஆகவே புதுப்பித்த கட்டடங்களையெல்லாம் கண்காட்சிகளாகப் பூட்டிவைக்காமல், கிளை நூலகமோ, கூட்டுறவுச் சங்கமோ, தபாலாபீஸோ ஏதாவது ஒன்றை அவற்றில் வைத்து, மீனவர் குப்பத்து மக்களும் தினந்தோறும் காரியமாக வந்துபோகும்படி பேரூராட்சியும் தொல்லியல் துறையும் ஏற்பாடு செய்யவேண்டும்.