பதினான்கு மான்கள்

மணிப்பூரின் சங்காய் மான் அழிந்துவிட்டதாக 1951இல் அறிவித்தார்கள். 1953இல் லோக்டாக் ஏரியின் மிதக்கும் புல்திட்டுகளில் அதை மறுபடி கண்டார் ஈ.பி. ஜீ. 1975 கணக்கெடுப்பில் காட்டில் இருந்தவை 14. 2016இல் 260.

எண்ணிக்கை ஏறிடுச்சு, சரி. ஆனால் இவை அத்தனையும் அந்தச் சில மான்களின் வாரிசுகள். மரபணு வேறுபாடு குறைவு. ஒரு கொள்ளைநோய் மொத்தத்தையும் சாய்க்கலாம்.

மியான்மரின் தமின், இதே எல்ட் மானின் இன்னொரு துணையினம். கலந்தால் வேறுபாடு கூடும். சங்காய் சங்காயாகவே இருக்குமா? துணையினம் என்ற பெயர் இங்கே வெறும் லேபிள் இல்லை. யாரை யாரோடு சேர்ப்பது என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது.

மென்பொருளில் கிளைகளை இணைப்பது எனக்குத் தினசரி வேலை. தப்பானால் பழையதுக்குத் திரும்பிடலாம். மானுக்கு அந்த வசதி கிடையாது. கலப்புக்கு முன்னால், அந்த ஒரே ஏரிக்கு வெளியே காட்டில் இன்னொரு வீடு தேடலாம் என்பேன்.