இருபது பவுண் யன்னல் கேட்டின்

பூப்போட்ட பருத்தித் துணியை அளந்து வெட்டி, ஓரத்தை மடிச்சுத் தைச்சு, மேல் மடிப்புக்குள்ள கம்பியைக் கோத்தால் யன்னல் கேட்டின் ரெடி. இதில என்ன அரசியல் எண்டு கேட்கலாம். இங்கிலாந்தில் அரை நூற்றாண்டாக இது தண்டப்பணம் கட்டவேண்டிய குற்றம்.

17ஆம் நூற்றாண்டில் மசூலிப்பட்டினம் போன்ற சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து சாயத்துணிகள் கப்பலேறின. கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில் படிகாரத்தால் வரைந்து, சாயவேர்ச் சாற்றில் கொதிக்க வைத்த சிவப்பு அது. எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. ஐரோப்பியச் சாயக்காரருக்கு அந்த நுட்பம் அப்போது பிடிபடவில்லை. 1663இல் சாமுவேல் பீப்ஸ் மனைவியின் அறைச் சுவருக்கு இத்துணியை வாங்கியதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். 1700இல் சாயத்துணி இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் வந்தது. வியாபாரிகள் வெள்ளைத் துணியை இறக்கி லண்டனில் அச்சடித்தார்கள். 1719இல் நெசவாளர்கள் தெருவில் போன பெண்களின் பருத்தி உடைகளைக் கிழித்தார்கள். அடுத்த சட்டம் 1721இல். 1722 டிசம்பர் 25 முதல் அச்சடித்த பருத்தியை உடுத்தால் 5 பவுண் தண்டம். யன்னலிலோ கட்டிலிலோ தொங்கவிட்டால் 20 பவுண்.

1774இல் ஆர்க்ரைட் போன்ற ஆலைக்காரர்கள் கேட்டு, உள்நாட்டுப் பருத்திக்கு மட்டும் தடை நீங்கியது. இந்தியச் சாயத்துணிக்கு நீங்கவில்லை. அடுத்த வருடமே நடிகர் டேவிட் கரிக்கின் மனைவிக்குக் கல்கத்தாவிலிருந்து வந்த கட்டில் திரைகளைச் சுங்கம் பறித்தது. அவற்றை மீட்க அவர் அதிகாரிக்கு மன்றாடிக் கடிதம் எழுதினார். அந்தத் திரைகள் இன்று லண்டன் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் மியூசியத்தில் இருக்கின்றன.

லங்காஷயர் ஆலைகள் வளர்ந்தது இந்த மூடிய கதவுக்குப் பின்னால்தான். மெசின்கள் வேகமெடுத்த பிறகே சுதந்திர வர்த்தகம் எண்ட உபதேசம் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அவர்களின் மலிவுத் துணி இந்தியச் சந்தைகளை நிரப்பியது.

1977இல் இலங்கை சந்தையைத் திறந்தபோது இறக்குமதித் துணியோடு முட்ட முடியாமல் ஊரூராகக் கைத்தறிகள் நின்றன. தறியில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அதற்கு முந்திய தட்டுப்பாட்டுக் காலத்தை நாங்கள் கொண்டாடவில்லை. பாணுக்குக் கியூவில் நிண்ட கதையை எங்கட வீடுகள் மறக்கவில்லை. ஆனால் "போட்டி போடத் தெரியாதவர்கள் தோற்றார்கள்" எண்டு யாரும் சொல்லும்போது ஒன்றைக் கேட்கிறோம். உலகச் சந்தையை வென்றவர்களுக்கே தங்கட யன்னலுக்குச் சட்டத்தால் காவல் போட அரை நூற்றாண்டு கிடைத்தது. எங்கட தறிக்காரிக்கு எத்தனை வருடம் கொடுத்தோம்?