சதாசிவம் வழக்கு

1951 அக்டோபர் 9 அன்று கொழும்பு பம்பலப்பிட்டியில், வெள்ளவத்தைக்கு அண்மையில், சென்ட் அல்பன்ஸ் பிளேஸ் வீட்டின் கராஜில் பரிபூரணம் சடலமாகக் கிடந்தார். தமிழ் அரசியல் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பேத்தி அவர். கணவர் மகாதேவ சதாசிவம், 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கு எதிராக இலங்கைக்குத் தலைமை தாங்கிய துடுப்பாட்ட வீரர். அவர்மீதே கொலைக் குற்றம் சாட்டப்பட்டது.

வீட்டு வேலையாள் வில்லியம் நிபந்தனை மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானார். கொலை செய்தவர் வில்லியமே என்றது கொல்வின் ஆர். டி சில்வா வாதாடிய எதிர்த்தரப்பு. எல்லாம் ஒரு கேள்வியில் தங்கியிருந்தது: சதாசிவம் வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது மனைவி உயிருடன் இருந்தாரா? மரண நேரத்தைத் தடய மருத்துவப் பேராசிரியர் டி சேரம் கணித்த விதத்தை எடின்பரோ நிபுணர் சேர் சிட்னி சிமித் மறுத்தார். 1953இல் ஜூரி சதாசிவத்தை விடுவித்தது. இக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

அதனால் ஊகம் ஓயவில்லை. கொழும்புத் தமிழ் வீடுகளிலும் கிரிக்கெட் வட்டாரங்களிலும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். அவற்றில் பல, விடுதலைத் தீர்ப்பையும் மருத்துவச் சாட்சியத்தையும் பொருட்படுத்தாதவை. பரிபூரணத்தின் பெயரோ அப்பேச்சுகளில் அரிதாகவே வரும்; வழக்கு இன்றும் கணவர் பெயராலேயே அறியப்படுகிறது.